வெள்ளி ஓடு, மரக்கூடு, ஃபைபர் முட்டை: இரண்டு பேருக்கு எது தோது?

காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளேயே தங்கும் பழைய டிரெய்லர் வண்டி ஒன்றை வாங்கிச் சேர்ந்து புதுப்பிக்கலாம் என்று கணவனும் மனைவியும் கிளம்பினால் முதலில் மயங்குவது அதன் அழகில்தான். நாங்களும் அப்படித்தான். இப்போது யாராவது யோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களில் யார் வெளியே நிற்பது, யார் உள்ளே நிற்பது?

ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வண்டி போன்ற அலுமினிய வண்டியில் இது விளையாட்டுக் கேள்வி இல்லை. அதன் வெளி ஓடு, விமானம் கட்டும் முறையில் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் உலோக ஆணி) அடித்து இணைக்கப்பட்டிருக்கும். அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க்கின் விமானம் உருவானபோது பட்டறையில் மேற்பார்வை செய்த ஹாலி போலஸ் 1934இல் ஒரு டிரெய்லர் செய்தார். அந்த வடிவத்தைத் தழுவித்தான் 1936இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் வந்தது. ஒருவர் வெளியே ரிவெட் துப்பாக்கியை இயக்க, இன்னொருவர் உள்ளே ரிவெட்டின் வாலில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் தகடு, முகம் தெரியாது. உள்ளே இருப்பவர் ஒரு நொடி முந்திக் கையை எடுத்தால் தகட்டில் பள்ளம். அந்தப் பள்ளம் யாரால் வந்தது என்ற பேச்சு இரவுச் சாப்பாடு வரை நீளும்.

அதைவிடப் பெரிய வேலை அடியில் இருக்கிறது. பின்பக்கம் புகும் தண்ணீர் பிளைவுட் தரையின் ஓரத்தை உளுக்கவைக்கும். தரை போனால் ஓட்டுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் உள்ள பிடிப்பும் போகும். வாங்கும் முன் ஒருவர் பின்பம்பரில் ஏறி அழுத்திக் குதிக்கட்டும், வெளி ஓடும் சேர்ந்து அசைகிறதா என்று மற்றவர் பார்க்கட்டும். பம்பர் மட்டும் இறங்கி ஓடு அசையாமல் நின்றால், ஓட்டையே தூக்கிவிட்டுச் சட்டத்தைச் சரிசெய்யும் நிலை வரலாம். பளபளவென்று மெருகேற்றும் கனவெல்லாம் அப்புறம்தான்.

மரக்கூட்டு வண்டிக்குப் பெயர் பெற்றது 1941இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஷாஸ்டா நிறுவனம். மெல்லிய மரச்சட்டங்கள், உள்ளே பிளைவுட், வெளியே அலுமினியத் தகடு. மூலைப் பட்டிகளின் அடியில் உள்ள பழைய மக்கு (இடைவெளி அடைக்கும் பசை) காய்ந்து வெடித்ததும் தண்ணீர் உள்ளே போகும். தகட்டைக் கழற்றினால் மரம் கையிலேயே தூளாகும். பயப்பட வேண்டாம், ஆனால் தூர எறியவும் வேண்டாம்! அந்த உளுத்த துண்டுதான் புதிய சட்டத்தை அறுக்க உங்களிடம் உள்ள ஒரே அளவு. திரும்பப் பொருத்தும்போது தகட்டைக் கீழிருந்து மேலாக ஏற்றுங்கள். மேல்தகடு கீழ்தகட்டின் மீது ஏறி நின்றால்தான் மழைநீர் வழிந்து போகும். மூட்டுகளை அடைக்க பியூட்டைல் டேப், அதாவது ஒட்டும் ரப்பர் பட்டை. சிலிக்கான் பசையை ஒருமுறை பூசிவிட்டால் அதன்மேல் பிறகு எதுவும் சரியாக ஒட்டாது.

நாங்கள் எடுத்தது இந்த வகை. நான் சட்டம் அறுத்தேன், அவர் ஜன்னல்களையும் ஒயரிங்கையும் பார்த்துக்கொண்டார். பேசாமல் இருந்த நாட்களிலும் வேலை நடந்தது. ரிவெட் வண்டியில் அது முடியாது.

முட்டை வடிவ ஃபைபர்கிளாஸ் வண்டியின் கதை வேறு. கனடாவின் வின்னிபெக்கில் 1968இல் வந்த போலர் இந்த இனத்தின் முன்னோடிகளில் ஒன்று. அதைச் செய்த ரே ஒலெக்கோ அதற்கு முன் ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் வடிவமைத்தவர். 13 அடி வண்டி சுமார் 400 கிலோதான். மேல்பாதி, கீழ்பாதி என வார்த்து இடுப்பில் ஒட்டியிருப்பதால், உளுத்துப்போகச் சுவருக்குள் மரச்சட்டம் இல்லை. அலமாரிகளைப் பிடித்திருக்கும் ரிவெட்கள் ஓட்டைத் துளைத்து நிற்பதால் கசிவு அங்கேதான் வரும். அவசரப்பட்டு எல்லா அலமாரிகளையும் ஒரே நாளில் கழற்றாதீர்கள். கூரையைத் தாங்குவதில் அவற்றுக்கும் பங்குண்டு. கூரை தொய்ந்தால் கதவு பொருந்தாது. ஃபைபரைத் தேய்க்கும்போது தூசிக்காக முகமூடி கட்டாயம். இரண்டு பேர் உள்ளே நுழைந்தால் முழங்கை இடிக்கும், அது வேறு.

அடுத்த விடுமுறைக்கே கிளம்ப ஆசை என்றால் முட்டை. ஒருவருக்காவது தச்சு வேலை வரும் என்றால் மரக்கூடு. வெள்ளி ஓடு அழகுதான், ஆனால் முதல் வண்டியாக அதை எடுக்கச் சொல்லமாட்டேன்.

எதை எடுத்தாலும் விலை பேசும் முன் அடியில் குனிந்து ஆக்ஸிலை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் அச்சைப் பாருங்கள். 1961க்குப் பிந்தைய ஏர்ஸ்ட்ரீமிலும் பல ஃபைபர் வண்டிகளிலும் ஆக்ஸிலுக்குள் ரப்பர் இருக்கும். வயதானால் அது இறுகிவிடும். பழுது பார்க்க முடியாது, முழு ஆக்ஸிலையே மாற்ற வேண்டும். மரக்கூட்டு வண்டிகளில் பெரும்பாலும் பட்டை வில்தான், அதை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது.