உப்புப் பூத்த சுவரும் என்ட ரெண்டு கையும்: கல்லடி ஹாட்வெயார் கடை ஒண்டப் பத்தி

மட்டக்களப்பு கல்லடியில வீடு இரிக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவல்ல, சுவர்ல கீழ இருந்து ரெண்டு ரெண்டரை அடிக்கு வெள்ளையா உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரிக் கிளம்பி நிக்கும், கை வெச்சாக் கொட்டும். ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி, நடுவில மணல்ல நாங்க. எங்கட முன் அறையும் விறாந்தையும் நாலஞ்சு வருஷமா அப்படித்தான் கிடந்திச்சு. போன வருஷம் ஒராளுக்கு அட்வான்ஸ் குடுத்து அடிப்பிச்சம், அவர் உப்புக்கு மேலயே பூசிட்டுப் போனார், மார்கழி மழையோட எல்லாம் திரும்பக் கிளம்பிட்டு. இந்த முறை நானே அடிக்கிறதெண்டு வெளிக்கிட்டன். எனக்கு 47 வயசு, பெயின்ட் பிரஷ் கையில பிடிச்சதே இல்ல.

கடை மெயின் ரோட்டால உள்ளுக்குத் திரும்பிக் கொஞ்சத் தூரம், சின்னக் கடைதான், பேர் போட வேணாம் எண்டு கடைக்கார ஐயா சொன்னவர். நான் போய் பெயின்ட் கேட்டன், அவர் தரல்ல. ஃபோன்ல சுவர்ட ஃபோட்டோவக் காட்டச் சொன்னார், எவ்வளவு உயரத்துக்கு உப்பு, கூரை ஒழுகுதா, கிணறு எந்தப் பக்கம் எண்டு ஒவ்வொண்டாக் கேட்டார். மறுகா கதிரை ஒண்ட இழுத்துப் போட்டு இரிக்கச் சொல்லிட்டு விளங்கப்படுத்தினார். நிலத்துத் தண்ணி சுவருக்குள்ளால மேல ஏறக்குள்ள உப்பையும் சேத்துக் கொண்டு வரும், தண்ணி காஞ்சு போயிரும், உப்பு வெளியில தங்கிரும், அதுதான் பெயின்டத் தள்ளுது. அதக் கழுவப்படாது, கழுவினா உப்புக் கரைஞ்சு திரும்ப உள்ளுக்குப் போகும், காஞ்ச பிரஷால தேச்சு எடுக்கணும். இளகின சாந்தக் கொத்திப் போட்டுப் புதுசாப் பூசினா, ஆகக் குறைஞ்சது நாலு கிழமை விடணும், அதுக்குப் பொறகு சீமெந்துக் காரம் தாங்குற பிரைமர், கடைசியிலதான் பெயின்ட். மழைக்குள்ள தொடாத, கச்சான் காத்து, அதான் தென்மேற்கால வார காஞ்ச காத்து, அடிக்கிற மாசங்கள்ல செய், சுவர் நல்லாக் காயும் எண்டார். இன்னொண்டும் சொன்னார், அதுக்காகவே அந்தக் கடையில நம்பிக்கை வந்திச்சு: அத்திவாரத்துக்கு மேல தண்ணி மறிக்கிற தட்டு இல்லாத பழைய வீடெண்டா, என்ன பெயின்ட் அடிச்சாலும் உப்பு ஒரு நாளைக்குத் திரும்ப வரத்தான் செய்யும், நாங்க வருஷங்களக் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கணக்கும் அவரே போட்டார். 12க்கு 10 அறை, 10 அடி உயரம், கதவு யன்னல் கழிச்சா 380 சதுர அடி மட்டில வரும், ஒரு லீட்டர் ஒரு தரம் அடிக்க 110 அடிக்குக் காணும், ரெண்டு தரத்துக்கு 7 லீட்டர். நாலு லீட்டர் டின் ரெண்டு தந்தார். மற்றக் கடையில எண்டா மூணு டின்னக் கட்டி விட்டிருப்பாங்க.

இனி ஏணிக் கதை. ஏணி வாடகைக்குக் குடுக்கிறார், ஆனா குடுக்க முதல் கடைக்குள்ளேயே விரிச்சு வெச்சு "ஏறிப் பாரு மகள்" எண்டார். நான் தயங்கினன். என்ட உடம்பு பாரமான உடம்பு, ரெண்டு பிள்ளையும் வயித்த வெட்டித்தான் எடுத்தது, கலியாண வீட்டுக்குப் போனா வாசல்லயே "என்னகா நல்லா உடம்பு வெச்சிட்டாய்" எண்டுதான் கதை தொடங்கும், வீட்டில கதிரையில ஏறி பல்ப் மாத்தப் போனாலும் "இறங்கு, விழுந்திருவாய்" எண்டு நாலு பேர் ஓடி வருவாங்க. இவர் ஏணிட பக்கத்தில ஒட்டியிருந்த ஸ்டிக்கரத் தொட்டுக் காட்டினார். "150 கிலோ எண்டு போட்டிரிக்கு, ஏறு." ஏறினன். நாலாவது படியில நிண்டு கையத் தூக்கி மேல வளையைத் தொட்டன், கால் நடுங்கல்ல. இறங்கக்குள்ள எனக்குக் கண் கலங்கிட்டு, அவர் கண்டும் காணாத மாதிரி பிரஷ் எண்ணிக்கொண்டிருந்தார்.

சனி ஞாயிறா வெச்சு ஒம்பது நாள் வேலை. சுரண்டுறதுதான் கஷ்டம், மாஸ்க் கட்டாமச் செய்யாதீங்க. முழங்காலுக்குச் சாக்கு மடிச்சுப் போட்டன். சாண்ட் பேப்பர் போட்ட பொறகு கண்ணால பாக்காத, கையால தடவிப் பாரு எண்டு ஐயா சொல்லியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையச் சுவர்ல வெச்சு மெதுவா இழுத்தன், கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மேடு கைக்குத் தெரிஞ்சுது, மணல் ஒண்டு அளவுதான் இரிக்கும். இந்தக் கையைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். 2006 கடைசியில இங்க சிக்குன்குனியா பரவின நேரம் எனக்கும் வந்தது, அப்ப எனக்கு 28 வயசு, மாசக்கணக்கா விரல் மூட்டெல்லாம் வீங்கி கேத்தலத் தூக்க ஏலாது, கைப்பிள்ளைக்கு உடுப்புப் பொத்தான் பூட்ட ஏலாது. வீக்கம் போன பொறகும் மாரி வந்தா உளைவு வரும். அண்டையில இருந்து இது உருப்படாத கை எண்டு ஏசிக்கொண்டுதான் திரிஞ்சன், 19 வருஷம். அதே கைதான் யன்னல் நிலை ஓரத்தால ஒரு சொட்டு மரத்தில படாம கோடு இழுத்துது. மூச்சப் பிடிச்சு, மணிக்கட்ட அசைக்காம, தோளால இழுக்கிற அந்தக் கோடு எனக்கு எங்க இருந்து வந்ததெண்டே தெரியல்ல. கைக்கு அது தெரிஞ்சிரிக்கு, நான்தான் கேக்கல்ல.

அண்டைக்கு ராவு நாரியும் தோளும் சரியான உளைவு. ஆனா நோய் உளைவு வேற, வேலை உளைவு வேற, அது விளங்கிச்சு. நல்லெண்ணெய் சூடாக்கி ஒவ்வொரு விரலாத் தடவினன், அந்தச் சின்ன விரலக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கொண்டே இருந்தன். இவ்வளவு காலமும் ஏச்சு வாங்கிக்கொண்டே எனக்குச் சோறு பிசைஞ்சு தந்த விரல். வயித்துத் தழும்பையும் தடவினன். ஏணியில நிண்டு எட்டி ரோலர் போடக்குள்ள நிமிர்த்திப் பிடிச்சது அந்த வயிறும்தானே.

கடையில குறையும் இரிக்கு. காட் எடுக்க மாட்டார், காசுதான். பகல் பன்னெண்டரைக்குப் பூட்டினா ரெண்டு மணிக்குத்தான் திறப்பார். கலர் கலக்கிற மெஷின் இல்ல, கட்டலொக்கப் பாத்துச் சொன்னா டவுன்ல இருந்து எடுப்பிச்சுத் தருவார், எனக்கு மூணு நாள் சுணங்கிச்சு. ஆகக் குறைஞ்ச விலைப் பிரஷ் வாங்காதீங்க, மயிர் கழண்டு சுவர்ல ஒட்டுது, நடு விலையில எடுங்க. ரோலருக்கு நீட்டுத் தடி ஒண்டு கட்டாயம் வாங்குங்க, தோள்மூட்டுக்குப் பெரிய உதவி, பாதி வேலைக்கு ஏணியே தேவைப்படாது.

மிஞ்சின பெயின்ட விறாந்தைத் தூணுக்கு அடிச்சன். அடுத்த மாசம் குசினி, ஏணிக்கு இப்பவே சொல்லி வெச்சிரிக்கன். சனிக்கிழமையில போற ஆக்கள் முதலே கோல் எடுத்துக் கேட்டுட்டுப் போங்க, அவர்ட்ட ஒரே ஒரு ஏணிதான் இரிக்கு.