எரர் கோடு பார்க்க எது நல்லது: கையடக்க ரீடரா, போனோடு இணையும் அடாப்டரா?

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் வீட்டிலேயே கோடு பார்த்துக்கொள்ள இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று சின்னத் திரை, சில பட்டன்கள், நீளமான ஒயர் எல்லாம் சேர்ந்த கையடக்க ரீடர். இன்னொன்று தீப்பெட்டி அளவில் வரும் ப்ளூடூத் அடாப்டர். அதற்குத் திரை உங்கள் போன்தான். நான் முதலில் வைத்திருந்தது ரீடர். இப்போது கை போவதெல்லாம் அடாப்டர் பக்கம்தான்.

கோடு படிப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அதே 16 பின் ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு) சாக்கெட்டில்தான் இரண்டையும் செருக வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான ஏற்பாடு அது. பி0102 என்றால் காற்று அளவு சென்சாரின் சிக்னல் குறைவு, பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0420 என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. எதில் பார்த்தாலும் இதேதான் வரும். அழிக்கும் கட்டளையும் ஒன்றே.

வசதியைப் பார்த்தால் ரீடர்தான் மேல். செருகியதும் சாக்கெட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொண்டு திரை எரியும். போனில் சார்ஜ் இருக்கிறதா, ஆப் அடாப்டரைக் கண்டுபிடித்ததா என்ற கவலையே இல்லை. கோடு என்ன என்று மட்டும் தெரிந்தால் போதும், மீதியை மெக்கானிக் பார்த்துக்கொள்வார் என்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும்.

ஆனால் உண்மையான வேலை கோடு வந்த பிறகுதான் தொடங்குகிறது. கோட்டில் ஒரு சென்சாரின் பெயர் இருப்பதால் அந்தச் சென்சார் கெட்டுவிட்டது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ சொல்வது அதுவல்ல. அந்த இடத்திலிருந்து வந்த சிக்னல் தான் எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. சென்சார் போயிருக்கலாம். ஒயர் அறுந்திருக்கலாம். ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளருக்குள் களிம்பு பிடித்திருக்கலாம். அல்லது சென்சார் ஒழுங்காக வேலை செய்து, வேறு எங்கோ இருக்கும் கோளாறைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். இதில் எது என்று பிரித்துப் பார்க்க லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்தந்த நொடியில் அனுப்பும் அளவுகள் வேண்டும். நான் அடாப்டருக்கு மாறியது இதற்காகத்தான்.

சில ரீடர்களிலும் லைவ் டேட்டா உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சின்னத் திரையில் எண்கள் வரிவரியாக ஓடும், அவ்வளவுதான். போனில் மூன்று நான்கு அளவுகளைக் கிராஃபாக ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். பதிவு செய்து, வண்டியை நிறுத்திய பிறகு நிதானமாகப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். இது அழகுக்காகச் சொல்வதல்ல. ஒரு அளவு மாறும்போது இன்னொன்று என்ன செய்கிறது என்பதில்தான் விடை இருக்கும்.

என் பெட்ரோல் காரில் வந்த பி0171ஐயே எடுத்துக்கொள்வோம். எரிபொருள் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். காட்டிய இடத்தில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். ரீடரோ பி0171 என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. அடாப்டரைச் செருகி ஃப்யூல் ட்ரிம்மைப் பார்த்தேன். இசியூ தன் அடிப்படைக் கணக்கைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் இந்த எண். ஷார்ட் டெர்ம் என்பது அந்த நொடியின் திருத்தம், லாங் டெர்ம் என்பது நாளாவட்டத்தில் கற்றுவைத்த திருத்தம். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை பிளஸ் 10க்கும் மைனஸ் 10க்கும் நடுவில் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை.

எஞ்சின் சூடேறி ஐடிலிங்கில் நிற்கும்போது என் காரில் அது பிளஸ் 25 பக்கம் போயிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தேன். கிராஃப் கண்முன்னே சரிந்து 5க்குப் பக்கத்தில் வந்து நின்றது. காலை எடுத்ததும் மறுபடி மேலே ஏறியது. இந்த ஏற்ற இறக்கமே விஷயத்தைச் சொல்லிவிட்டது. ஐடிலிங்கில் காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், எஞ்சின் உள்ளிழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான். அதனால் ஒரு சின்ன ஓட்டை வழியாக வரும் காற்றுகூடப் பெரிய பங்காகிவிடும். ஆர்பிஎம் ஏறினால் மொத்தக் காற்று கூடும், ஓட்டையின் பங்கு சுருங்கிவிடும். பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ இது தலைகீழாக இருக்கும்: ஐடிலிங்கில் சமாளித்துவிட்டு, லோடு ஏற ஏற ட்ரிம் மேலே போகும்.

ஆக்சிஜன் சென்சாரும் அதே திரையில்தான் இருந்தது. அந்தக் காரில் இருப்பது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் மாறிமாறிப் போகும் வகை. அது சுறுசுறுப்பாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. இசியூ பெட்ரோலைக் கூட்டிக் கலவையைச் சமன் செய்துகொண்டிருக்க, சென்சார் அதை ஒழுங்காகப் பின்தொடர்ந்தது. அதை மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும், கோடு திரும்பி வந்திருக்கும். இன்டேக்குக்கு அடியில் போகும் பிசிவி ஹோஸை (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கே திருப்பி அனுப்பும் குழாய்) விரலால் தடவிப் பார்த்தபோது வளைவின் அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு வெடிப்பு தட்டுப்பட்டது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடம். ஹோஸை மாற்றியதும் ட்ரிம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது.

சென்சாரே கெட்டதா என்று பார்க்கவும் இந்த நேரடி எண்கள்தான் கைகொடுக்கும். கூலன்ட் வெப்ப சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் அதற்கு இரண்டே ஒயர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பி0118 வந்து, லைவ் டேட்டாவில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் சர்க்யூட் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சாவியை ஆஃப் செய்து, கப்ளரைக் கழற்றி, ஒயரிங் பக்கத்தில் இருக்கும் இரண்டு முனைகளையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்துவிட்டு, மறுபடி சாவியை ஆன் செய்து பாருங்கள். எண் தடாலென்று 120 டிகிரிக்கு மேல் தாவினால் ஒயரும் இசியூவும் நன்றாக இருக்கின்றன, சென்சாரை மாற்றலாம். மைனஸ் 40லேயே நின்றால் புதுச் சென்சார் போட்டும் பயனில்லை. ஒயரைத் தேட வேண்டும். இந்தச் சோதனை இரண்டு ஒயர் வெப்ப சென்சாருக்கு மட்டும்தான். 5 வோல்ட் சப்ளை வரும் மூன்று ஒயர் சென்சார்களில் இப்படிக் கம்பி போட்டு இணைக்கவே கூடாது.

இன்னும் எளிதான ஒரு சோதனையும் இருக்கிறது. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். அதே நேரத்தில் மேனிஃபோல்டு அழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்; கடல் மட்டத்தில் அது சுமார் 100 கிலோபாஸ்கல். மூன்று சென்சார்களை ஒரு பைசா செலவில்லாமல் சரிபார்த்தாகிவிட்டது.

அப்புறம் அழிக்கும் விஷயம். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அழி என்று கொடுத்தால் கோடு மட்டும் போவதில்லை. கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எஞ்சின் சூடா குளிரா என்று இசியூ எடுத்துவைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். பல கார்களில் கற்றுவைத்த ட்ரிம்மும் போய்விடும். சில நாடுகளில் புகைச் சோதனைக்குத் தேவையான ரெடினஸ் மானிட்டர்களும், அதாவது இசியூ தானே செய்து முடிக்கும் சுயசோதனைகளும், ஆரம்ப நிலைக்குத் திரும்பும். அவை மறுபடி முடிய சில நாள் பலவிதமாக ஓட்ட வேண்டியிருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேமை ரீடரிலும் பார்க்கலாம்தான். ஆனால் போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்து மெக்கானிக்குக்கு அனுப்ப முடிகிறது. எப்போதோ வரும் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் போவது) 20 டிகிரி குளிர் எஞ்சினில் விழுந்ததா, சூடான எஞ்சினில் 80 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்ததா என்பது தெரிந்தால் அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி அழிப்பது இரண்டையும்விட மோசமான வழி. மேலே சொன்ன இழப்புகளோடு கடிகாரம், ஜன்னல்களின் ஆட்டோ செட்டிங், சில கார்களில் ரேடியோ லாக் என்று கூடுதல் தொல்லைகளும் சேரும். அமெரிக்காவில் 2010 மாடல் வாக்கில் வரத் தொடங்கிய பர்மனென்ட் கோடுகளோ இதற்கும் அசையாது, ஸ்கேனருக்கும் அசையாது. கோளாறு சரியாகிவிட்டது என்று இசியூ தானே சோதித்து உறுதி செய்தால்தான் அவை போகும். உண்மையில் அழிக்காமலே விட்டாலும், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கு தானாக அணையும். 40 முறை எஞ்சின் சூடேறி ஆறிய பிறகு கோடும் நீங்கும். ரிப்பேர் முடிந்ததும் நான் அழிப்பேன், ஆனால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு பெண்டிங் கோடு பகுதியைக் கட்டாயம் பார்ப்பேன். விளக்கு எரிவதற்கு முன்பே கோளாறு அங்கேதான் தலைகாட்டும். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் இதெல்லாம் வேண்டாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று அர்த்தம், ஓட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

அடாப்டரின் குறைகளையும் சொல்ல வேண்டும். இவற்றின் அடிப்படை கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய இஎல்எம்327 சிப். சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி அதன் நகல்கள். சில நகல்கள் புதிய கார்களில் ஓடிவிட்டுப் பழைய கார்களில் இணையவே மறுக்கும். மேலே அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணை நம்பி வாங்க முடியாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் உதவாது, ப்ளூடூத் எல்இ அல்லது வைஃபை வகை வேண்டும். சாக்கெட்டின் 16ஆவது பின்னில் சாவி ஆஃப் ஆன பிறகும் பேட்டரி கரண்ட் இருக்கும் என்பதால், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஓட்டும்போது பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே ஆன் செய்துவிட்டு போனைத் தொடாமல் ஓட்டுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.

விட்டுவிட்டு வரும் கிராங்க் சென்சார் கோளாறுக்கு இரண்டுமே போதாது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் சுழியத்திலேயே நிற்கிறதா என்று பார்த்து ஒரு சந்தேகத்துக்கு வரலாம். உறுதி செய்ய, சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்தான் வேண்டும். த்ராட்டில் அடாப்டேஷன், இன்ஜெக்டர் கோடிங் போன்றவற்றுக்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். டீசலில் எனக்கு அனுபவம் குறைவு. டீசல் எஞ்சின் எப்போதுமே காற்று மிகுந்து ஓடுவது, அதனால் மேலே சொன்ன ஃப்யூல் ட்ரிம் கணக்கை அங்கே போட்டுப் பார்க்காதீர்கள். வெப்பம், அழுத்தம் சார்ந்த சோதனைகள் மட்டும் அப்படியே பொருந்தும்.

அடாப்டர்தான் என்று முடிவு செய்துவிட்டால் ஆப்பையும் கொஞ்சம் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். டார்க் (Torque), கார் ஸ்கேனர் இரண்டும் பலர் பயன்படுத்துபவை. எதை எடுத்தாலும் இரண்டு வகை ஃப்யூல் ட்ரிம், ஃப்ரீஸ் ஃப்ரேம், பெண்டிங் கோடு, பதிவு வசதி இந்த நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் காரில் செருகிப் பார்த்துவிடுங்கள்.