சைலண்ட் நைட்டுக்கு 6 கட்டையா, 6½ கட்டையா?

ஏற்காட்டில் டிசம்பர் இரவில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்கள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மேடு ஏற மாட்டார்கள். வெறும் குரல்தான். ‘சைலண்ட் நைட்’டை யாராவது வாய்க்கு வந்த சுருதியில் எடுப்பார். ஆரம்பம் சுகமாகப் போகும். கடைசி வரிக்கு முந்தைய இடத்தில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள், மீதிப் பேர் கத்துவார்கள்.

காரணம் மெட்டிலேயே இருக்கிறது. பஞ்சமத்தில் (ப) தொடங்கும் பாட்டு, மேல் ஸ்தாயி, அதாவது அடுத்த ஸ்வர வரிசையின், மத்யமம் (ம) வரை ஏறிவிட்டுக் கீழ் ஷட்ஜத்தில் (ச) வந்து முடிகிறது. எடுத்த இடத்திலிருந்து மேலே பத்து அரைச்சுரம் (கீபோர்டில் கறுப்பு வெள்ளை சேர்த்து அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி), கீழே ஏழு. 1818இல் கிட்டாரோடு இரண்டு தனிக்குரல்களுக்காக இசையமைத்த பாட்டு இது. கூட்டத்தின் தொண்டையை நினைத்து எழுதியதல்ல. அதனால் எடுப்பு சுகமாக இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை, உச்சியைப் பார்த்துத்தான் சுருதி வைக்க வேண்டும்.

கட்டை என்பது ஷட்ஜம் எங்கே நிற்கிறது என்பதன் அளவு: கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் C முதல் B வரை 1 முதல் 7, ½ என்றால் அடுத்துள்ள கறுப்புக் கட்டை. கிட்டார் பழகியவர்கள் கை போகிற போக்கில் 1 கட்டை என்பார்கள். அதில் உச்சி மேல் 4 கட்டையில் நிற்கும். பயிற்சி உள்ள சோப்ரானோக்களை, அதாவது உச்சக்குரல் பாடகிகளைத் தவிர யாருக்கும் எட்டாது, விட்டுவிடலாம். கீழ் ஸ்தாயி 5 கட்டைக்கு இறக்கினால் உச்சி எளிது, ஆனால் கடைசி ஸ்வரம் பெண்களுக்கு வெறும் காற்றாகப் போய்விடும்.

உண்மையான போட்டி இவற்றுக்கு நடுவே உள்ள 6, 6½ இரண்டுக்கும்தான். பல பாட்டுப் புத்தகங்களில் அச்சாகியிருப்பது 6½. உச்சி மேல் 2½ கட்டை. கீழ் ஸ்வரமும் தெளிவாகக் கேட்கும். பகலில், சேலம் ஊருக்குள் ஒரு சர்ச்சில், வேறு பாட்டுகள் பாடிக் குரல் திறந்தபின் இதுவே அழகு. மலைக்குளிரில் முதல் வீட்டு வாசலில் நிற்கும்போது என் ஓட்டு 6க்குத்தான். உச்சி 2 கட்டையோடு நின்றுவிடும், பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஒரே குறை, துணைக்கருவி இல்லாத குழு சரணத்துக்குச் சரணம் சுருதி இறங்கும். 6இல் தொடங்கினால் மூன்றாவது சரணத்தில் 5½ஐத் தொட்டுவிட வாய்ப்பு உண்டு. நாலைந்து வீடு முடிந்து தொண்டை சூடானதும் 6½க்கு ஏற்றிக்கொண்டால் சரி.

இன்னொரு வசதி, 440 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) தட்டினால் வருவதே 6 கட்டை ஷட்ஜம். பெண்கள் அதிலிருந்து ஒரு ஸ்தாயி இறங்கி, அப்புறம் பஞ்சமத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். ஆண்கள் இன்னும் ஒரு ஸ்தாயி கீழே.

‘ஜாய் டு த வேர்ல்ட்’ நேர்மாறு. உச்சியிலேயே தொடங்கி ஒரே ஸ்தாயிக்குள் முடிந்துவிடும். அதற்கு 2 கட்டை, குளிர் அதிகமென்றால் 1½.