குறிஞ்சிக் கன்று என்று விற்றால் உடனே வாங்கிவிடாதீர்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. மாசி, பங்குனியில் குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து நிற்போம், செடிக்கு எங்கே ஊற்றுவது? அதனால் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த, வறட்சி தாங்கும் பூச்செடியாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாலையோர நர்சரி ஒன்றில், "ஒட்டுக் குறிஞ்சிங்க சார். 12 வருஷமெல்லாம் காத்திருக்க வேண்டாம், மாசா மாசம் பூக்கும்" என்றார். குறிஞ்சியில் பல வகை உண்டு, ஒவ்வொன்றும் பூக்கும் கணக்கு வேறு என்று அரைகுறையாகப் படித்திருந்தேன். அந்த அரைகுறைதான் என்னைக் கவிழ்த்தது. கன்று 150 ரூபாய், 40 கன்றுக்கு 6,000. துண்டுச்சீட்டில் 'பூச்செடி 40' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஆடியில் நட்டேன், புரட்டாசியில் பூத்துவிட்டது. சரிவு முழுக்க ஊதா. போட்டோ எடுத்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மத்தியானம் பார்த்தால் ஒரு பூ இல்லை, எல்லாம் தரையில்.

பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்தார். காய்ந்த காய் ஒன்றைக் கிள்ளி, டம்ளர் தண்ணீரில் போட்டு, "காத பக்கத்துல வை தம்பி" என்றார். 'டிக்' என்று வெடித்து, விதைகள் என் சட்டையில் வந்து ஒட்டின. சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடிப்போமே பட்டாசுக்காய், அதன் பங்காளி! பெயர் மெக்சிகன் பெட்டூனியா, தாவரப் பெயர் ருயெல்லியா சிம்ப்ளெக்ஸ். குறிஞ்சியின் குடும்பம்தான், ஆனால் ஊர் மெக்சிகோ பக்கம்.

இலையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இதன் இலை மூங்கில் இலை மாதிரி ஒல்லியாக நீளும். நீலக்குறிஞ்சியின் இலை அகலம், ஓரத்தில் பல் பல்லாக இருக்கும். அது 2018-இல் பூத்தது, அடுத்து 2030. ஒரே முறை பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். மாசா மாசம் பூக்க அதற்கு ஏது உயிர்?

செடி செத்திருந்தால் காசோடு போயிருக்கும். இது சாகவில்லை, அதுதான் பிரச்சினை. தை மாதப் பனியில் நுனியெல்லாம் கருகியது. வேரிலிருந்து மறுபடி கிளம்பியது. மழை வந்ததும் சாக்கடையோரம், படிக்கட்டு இடுக்கு என்று எங்கு பார்த்தாலும் முளை.

கடைக்குப் போய்க் கேட்டேன். "நீலக் கலர்தானே சார் கேட்டீங்க?" என்றார். பணம் வராது, வேண்டுமானால் ரோஜாக் கன்று தருகிறாராம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒரிஜினலே வேணும்னா மேல இருந்து பிடுங்கிட்டு வரச் சொல்றேன், ஒண்ணு 800" என்றார். முதலில் ஏமாற்றியதைவிட இதுதான் எனக்குக் கோபம். நீலக்குறிஞ்சி இப்போது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. பிடுங்கினாலும் விற்றாலும் குற்றம், ஜெயில் வரை போகும். வாங்குகிற நாமும் சேர்ந்து மாட்டுவோம்.

ஆகவே, எந்த மலைச் செடி வாங்கினாலும் பில்லில் தாவரப் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வண்டியை எடுங்கள். ஏற்கெனவே இதை நட்டவர்கள், காய் முற்றுவதற்குள் வேரோடு தோண்டுங்கள். குப்பைக்குழியில் மட்டும் போடாதீர்கள், அங்கேயும் முளைக்கும்.

இன்று காலைகூட துவைக்கிற கல்லுக்கு அடியில் 7 கன்று பிடுங்கினேன்.