6ஜி வெல்டிங், அரசு சான்றிதழ், வெளிநாட்டு வேலை: காரைக்குடிப் பக்கம் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

வெல்டருக்குப் பற்றாக்குறை என்று இந்தப் பக்கத்து வெல்டிங் பயிற்சி நிலையம் ஒன்று விளம்பரத்தில் போடுவது பொய்யில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். நானே கேட், கிரில், ஷெட் வேலை எடுத்துச் செய்யும் பட்டறைக்காரன். தினக் கூலியோடு சாப்பாடும் டீயும் தருகிறேன் என்றாலும் கை சுத்தமாக வேலை தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. புதுவயல் ரைஸ் மில்களில் எலிவேட்டர், ஹாப்பர் ரிப்பேர் என்று கூப்பிடுகிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஓட்டலாக மாற்றுகிறவர்கள், அந்தக் காலத்துக் கம்பி டிசைனை அப்படியே பொருத்தித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நம் பையன்களில் பாதிப் பேர் சிங்கப்பூர் வேலைக்கான டெஸ்ட் அடிக்கப் போய்விட்டார்கள். பட்டறையில் இப்போது ஹெல்ப்பராக இருப்பவர் ஒடிசாக்காரர். நல்ல மனிதர். அவரும் ஊருக்குப் போனால் திரும்பி வருவாரா என்பது அவருக்கே தெரியாது.

இந்த உண்மையை வைத்துத்தான் அந்தப் பயிற்சி நிலையம் பிழைக்கிறது. பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

என் அக்கா மகன் பிளஸ் டூ முடித்தவன். மூன்று மாதத்தில் 6ஜி பைப் வெல்டிங், அரசு அங்கீகாரம் பெற்ற சர்வதேச சான்றிதழ், நூறு சதவீத வேலை என்று நோட்டீஸ் பார்த்து வந்தான். கூடவே நானும் போனேன். குளுகுளு அறை, சுவர் முழுக்க ஃபிரேம் போட்ட சான்றிதழ்கள், விமான நிலையத்தில் பையன்கள் நிற்கும் படங்கள். "சார், 6ஜி முடிச்சவன் ஒருத்தன்கூட ஊர்ல உட்கார்ந்திருக்க மாட்டான்" என்றார் மேனேஜர். பட்டறையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, இப்போது பேட்ச் ஓடுகிறது, வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்றார். இருபது வருடமாக அந்த வெளிச்சத்திலேயே இருக்கும் என்னிடம் இப்படி! கட்டணம் 78,000 ரூபாய். அக்கா நகையை அடகு வைத்துக் கட்டினாள். கொடுத்த ரசீதில் பயிற்சிக் கட்டணம் என்று இல்லை. ஒரு டிரஸ்ட் பெயரில் 'நன்கொடை' என்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். வரி கணக்குக்காக, எல்லோருக்கும் இப்படித்தான் என்றார்கள்.

வெல்டிங் தெரியாதவர்களுக்காக 6ஜி என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். பைப் 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும். அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் சுற்றிச் சுற்றி, கீழே குனிந்து, மேலே எட்டி, உடம்பை வளைத்துப் போட வேண்டும். பெரும்பாலும் ரூட் பாஸ், அதாவது அடியில் முதலில் போடும் வெல்ட், ஆர்கன் கேஸ் வைத்து டிக் (TIG) முறையில்; அதற்கு மேல் 7018 என்ற வகை வெல்டிங் ராடு. உள்பக்கம் ரூட் சீராக இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தோ, துண்டாக வெட்டி வளைத்தோ பார்ப்பார்கள். இது கைக்கு வர வேண்டுமானால் ஜாயின்ட் மேல் ஜாயின்டாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜாயின்டுக்கும் இரண்டு துண்டு பைப் வெட்டி, ஓரத்தைச் சரிவாகக் கிரைண்ட் செய்து, கேப் விட்டுப் பொருத்த வேண்டும். பைப் காசு, ஆர்கன் காசு, ராடு காசு, கரண்டு காசு. பயிற்சி நிலையத்துக்கு உண்மையான செலவு இங்கேதான். ஏமாற்றுகிறவன் மிச்சம் பிடிப்பதும் இங்கேதான். ஏசியிலும் ஃபிரேமிலும் மிச்சம் பிடிக்க மாட்டான்.

நடந்ததும் அதுதான். முதல் மாதம் முழுக்க வகுப்பறை, வீடியோ, ஆங்கிலப் பேச்சு. அப்புறம் தட்டையான பிளேட்டில் சாதாரண 6013 ராடு வைத்துக் கோடு இழுக்கச் சொன்னார்கள். ஒரே பிளேட்டை இரண்டு பக்கமும் நிரப்பி, கிரைண்ட் செய்து, மறுபடி அதிலேயே. மிஷின்களில் பாதி ஓடவில்லை. ஆர்கன் சிலிண்டர் காலியானதும் நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்றே போனது. 7018 ராடைப் பாக்கெட் பிரித்துத் திறந்தபடி அலமாரியில் வைத்திருந்தார்களாம். அந்த ராடு ஈரத்தை இழுக்கும். ஓவன் என்ற சூட்டுப் பெட்டியில் காய வைத்துச் சூடாகவே எடுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வெல்டில் விரிசல் விடும். அங்கே ஓவனே கிடையாது. கடைசி வாரத்தில் ஆளுக்கு ஒன்றிரண்டு பைப் ஜாயின்ட் கொடுத்து, ஃபோட்டோ எடுத்து, சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சான்றிதழையும் பார்த்தேன். ஐஎஸ்ஓ 9001 முத்திரை ஒன்று. அது நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கொடுப்பது, பையனின் கைத்திறமைக்கு அல்ல. உத்யம் பதிவு எண் ஒன்று. சிறுதொழில் நடத்தும் யாரும் தாமே விவரம் கொடுத்து இலவசமாக ஆன்லைனில் எடுக்கலாம். என் பட்டறைக்கும் இருக்கிறது. அதற்காக நான் அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையம் ஆகிவிடுவேனா? சர்வதேசம் என்பதற்கு ஒரு உலக உருண்டைப் படம். அவ்வளவுதான்.

இன்னொன்றும் யாரும் சொல்வதில்லை. பைப் வேலைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) செக்‌ஷன் 9 விதிப்படி, வெல்டரைச் சோதித்துத் தகுதி கொடுக்கும் பொறுப்பு வேலை தரும் நிறுவனத்துடையது. அந்த முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்தத் தகுதியும் போய்விடும். ஆகவே எந்தப் பயிற்சி நிலையத்தின் 6ஜி சான்றிதழும் வேலைக்கான சீட்டு ஆகாது. போகிற இடத்தில் மறுபடி பைப்பை மாட்டி, போடு பார்க்கலாம் என்பார்கள்.

அப்படித்தான் சொன்னார்கள். "பிளேஸ்மென்ட்" என்று திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே போன பிறகுதான் அது நேர்காணல் இல்லை, வளைகுடா வேலைக்கான டிரேட் டெஸ்ட், அதாவது கைத்திறன் சோதனை என்று தெரிந்தது. இவனுக்குப் பைப்பைப் பொருத்தி, நகராமலிருக்க அங்கங்கே டேக் (புள்ளி வெல்ட்) அடிக்கவே வரவில்லை. ரூட் பாதி இடத்தில் இறங்கவே இல்லை. சோதித்தவர் திட்டவில்லை; "தம்பி, எத்தனை ஜாயின்ட் போட்டிருக்கே?" என்று மட்டும் கேட்டாராம். கூடப் போன பையன்கள் யாரும் தேறவில்லை.

பணத்தைக் கேட்கப் போனபோது மேனேஜர் பேச்சு மாறியது. நாங்கள் வாய்ப்பு வாங்கித் தந்தோம், பாஸ் பண்ணாதது உங்கள் பையன். நூறு சதவீத வேலை என்று போட்டீர்களே என்றால், அது 'உதவி'யாம். கடைசியாக ரசீதை எடுத்து நீட்டினார்: நன்கொடையைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் உண்டா, சார்? அப்போதுதான் அந்தச் சொல் ஏன் அங்கே இருக்கிறது என்று புரிந்தது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். அதன்பின் 20,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்குச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை; இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீதில் என்ன எழுதியிருந்தாலும் நோட்டீஸ், வாட்ஸப் பேச்சு, பணம் அனுப்பிய பதிவு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது அந்த நோட்டீஸ்தான்.

அரசு சான்றிதழ் என்று யாராவது சொன்னால் எந்தத் திட்டம், எந்த எண் என்று கேளுங்கள். 2015-இல் தொடங்கிய பிரதமர் கௌசல் விகாஸ் திட்டப் பயிற்சி இலவசம். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். மையம் பட்டியலில் இருக்கிறதா என்று ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் இணையதளத்தில் தேடலாம். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்பவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுள்ள ஏஜென்டா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு.

அரசு ஐடிஐயை நம் ஆட்கள் ஏனோ மட்டமாகப் பார்க்கிறார்கள். வெல்டர் டிரேட் ஒரு வருடம், எட்டாம் வகுப்பு போதும், கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அங்கேயும் மெத்தனமான வாத்தியார்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்து அப்ரென்டிஸ் போகலாம். பைப் வெல்டிங்தான் வேண்டும் என்றால் திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-இலிருந்து இருக்கிறது. அங்கே விசாரித்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள்.

தனியாரில் சேர்ந்தே ஆக வேண்டுமா, சரி. பகல் நேரத்தில் சொல்லாமல் போய்ப் பட்டறையைப் பாருங்கள். எத்தனை மிஷின், எத்தனை பையன், ஆர்கன் சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா, ராடு காய வைக்கும் ஓவன் சூடாக இருக்கிறதா. மூலையில் வெட்டிப் போட்ட பைப் துண்டுகள் குவிந்து கிடக்கின்றனவா என்று முக்கியமாகப் பாருங்கள். ஆளுக்கு எத்தனை ஜாயின்ட் தருவீர்கள் என்று கேட்டு, அதை எழுதி வாங்குங்கள். பயிற்சிக் கட்டணம் என்று ரசீது தராதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

அக்கா மகன் இப்போது துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் ஹெல்ப்பர். ஷிப்ட் முடிந்த பிறகு கழிவு பைப்பில் பழக விடுகிறார்கள். அந்த நிலையம் அடுத்த பேட்சுக்கு ஆள் சேர்க்கிறது. இந்த முறை நோட்டீஸில் ஜெர்மனியும் சேர்ந்திருக்கிறது.