பூந்திக்கொட்டையும் கடப்பா கல்லும்: 3 வருட அனுபவம்

ஃபினாயில் வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் 3 வருடம் முன்பு, வீட்டைக் கழுவித் துடைக்க வேறு வழி தேடி, நாட்டு மருந்துக் கடையில் அரை கிலோ பூந்திக்கொட்டை (சோப்புக்காய்) வாங்கினேன். கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் ஒரு கைப்பிடி ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்துப் பிசைந்து வடிகட்டினால் தேன் நிறத்தில் சாறு வரும். கடைச் சோப்பு அளவுக்கு நுரைக்காது. நுரையைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு முதல் மாதம் திருப்தியே இல்லை. ஆனால் பட்டுப்புடவைக்கும் சில்வர் டம்ளருக்கும் இன்றுவரை இதுதான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரும்புச் சட்டியிடம் மட்டும் தோற்றுவிடும். அங்கே சலவை சோடாவும் சுடுதண்ணீரும். (அலுமினியத்தில் சோடா போடாதீர்கள், கறுத்துவிடும்.) சாறு வெளியில் இருந்தால் சீக்கிரமே புளித்த வாடை அடிக்கும், கொஞ்சமாகக் காய்ச்சுங்கள்.

அடுத்து, எல்லோரும் சொல்லும் எலுமிச்சைத் தோல் என்சைம், அதாவது தோலைப் புளிக்கவைத்து எடுக்கும் துடைக்கும் நீர். வெல்லம் 1 பங்கு, தோல் 3, தண்ணீர் 10, 3 மாதம் ஊற வேண்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். நான் ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று பிளாஸ்டிக் பாட்டில் பலூன் மாதிரி உப்பியிருந்தது. தொட்டேன், மூடி விட்டத்தில் போய் இடித்தது. கண்ணாடி பாட்டிலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. டைல்ஸ் துடைக்க நன்றாகவே இருக்கிறது. கிருமிநாசினி என்று மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி வந்தால் கழிவறைக்கு இப்போதும் பிளீச்சிங் பவுடர்தான். அதோடு புளிப்பான எதையும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

உண்மையில் அசத்தியது எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்). எங்களுடையது போர் தண்ணீர். குழாய்களில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் ஒரு ஸ்பூன் கரைத்து, துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டினேன். அரை மணி நேரம் கழித்து விரலால் தேய்த்தாலே உதிர்ந்தது. ஆசிட் ஊற்றியும் போகாமல் இருந்த கறை!

அந்தக் குஷியில் சமையல் மேடையையும் அதே தண்ணீரால் துடைத்தேன். மேடை கடப்பா கல். கடப்பா சுண்ணாம்புக் கல் என்பது அப்போது தோன்றவில்லை. குழாய் உப்பைக் கரைத்த புளிப்பு கல்லின் பளபளப்பையும் கரைத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், இரண்டு நாளில் மறுபடி வெளுத்தது. சரி, என்ன செய்வது. அந்த வெள்ளைத் திட்டின் மேல் இப்போது மிக்ஸி உட்கார்ந்திருக்கிறது.