கிற்றாரின் தலையெழுத்து

விசுவமடுவில் இருக்கும் அக்காவின் மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பினான். நான்கும் எலெக்ட்ரிக் கிற்றார். எதிலும் உடம்பு முழுதாகத் தெரியவில்லை. தலை மட்டும் பளிச்சென்று, பெயரை வாசிக்கும்படி. "மாமா, எதை எடுக்க?" கையில் ஒன்றரை இலட்சம். கோயில் திருவிழாக்களுக்குப் போகும் ஓர் இசைக்குழுவில் இடம் கிடைத்திருக்கிறது, வைகாசிக்குள் கிற்றார் வேண்டுமாம்.

கிப்சன் என்று எழுதிய ஒரு லெஸ் போல், ஒரு ஸ்குவையர் ஸ்ட்ராட், ஒரு யமஹா பசிஃபிகா, அப்புறம் ஜெர்மனியில் இருக்கும் பெரியப்பா வரும்போது கொண்டுவரச் சம்மதித்திருந்த ஒரு ஹார்லி பென்டன். இவைதான் போட்டியில். கிப்சன், ஸ்குவையர், யமஹா, ஹார்லி பென்டன் எல்லாம் தலையில் எழுதும் பெயர்கள்; லெஸ் போல், ஸ்ட்ராட், பசிஃபிகா மொடல்கள்.

கிப்சனை முதலிலேயே கழித்துவிட்டேன். அமெரிக்காவில் செய்த லெஸ் போல் ஸ்டாண்டர்ட் 2,000 டொலருக்கு மேல் போகும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் ஆறு இலட்சம், வரி வேறு. அதை ஒன்றரை இலட்சத்துக்கு ஒருவர் தருகிறார் என்றால், அவருக்கு விலை தெரியாது, இல்லையென்றால் பெயர் பொய். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். தலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், உள்ளே கழுத்தை நிமிர்த்தும் ட்ரஸ் ரொட் கம்பி. கிப்சனில் அந்த மூடிக்கு இரண்டு ஸ்குரூ. இதில் மூன்று. போலிகளில் அடிக்கடி காணும் அடையாளம் அது. நானும் ஒருக்கால் இப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவன்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தப் போலி மோசமான கிற்றார் இல்லை. இரண்டு வருடம் மேடையில் வாசித்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. விற்கப் போனபோதுதான் வலித்தது.

உண்மையான கிப்சனே கிடைத்தாலும் இவனுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதன் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும், கழுத்து பெரும்பாலும் மஹோகனி மரம், உடம்போடு பசை போட்டு ஒட்டியது. நின்ற இடத்தில் சரிந்து விழுந்தாலே தலையடியில் முறிந்துபோவதற்குப் பேர் பெற்றது. பரந்தனில் பஸ் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் அதைக் கொண்டுபோகிறவனுக்கு வழி முழுக்க நெஞ்சிடிதான். ஸ்ட்ராட் அப்படியில்லை. ஃபெண்டர் கம்பனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். அவர் 1954 இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டின் கழுத்தில் நான்கு ஸ்குரூ, கழற்றி மாட்டலாம். பசிஃபிகாவும் அந்த வழிதான். கிற்றார் திருத்துகிறவரைத் தேடி யாழ்ப்பாணமோ கொழும்போ போகவேண்டிய எங்களுக்கு, ஸ்குரூ டிரைவரால் கழற்றக்கூடிய கிற்றார் என்பது பெரிய விசயம். இது பெயர் பார்த்து வருவதில்லை, செய்த விதம் பார்த்து வருவது.

சத்தத்துக்கு வருவோம். எலெக்ட்ரிக் கிற்றாரில் இரும்புக் கம்பி அதிர, அதன் கீழே காந்தத்தைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதுதான் சத்தத்தைப் பெருப்பிக்கும் அம்ப்புக்குப் போகிறது. காந்தமும் சுருளும் சேர்ந்ததுதான் பிக்கப். தலையில் என்ன எழுதியிருக்கிறது என்பது சுருளுக்குத் தெரியாது. என்ன வகைச் சுருள் என்பதுதான் கேள்வி.

எங்கள் கோயில் வீதிகளில் மேடைக்குக் கரண்ட் ஜெனரேற்றரிலிருந்து வரும். பக்கத்திலேயே ரியூப் லைற் அலங்காரம். ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிற்றாரை அங்கே செருகினால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அதுதான் கச்சேரி. 1955 இல் கிப்சனில் வேலை செய்த செத் லவர் இதற்கு மருந்து கண்டார். இரண்டு சுருள்களுக்குக் காந்த முனையையும் மாற்றி, எதிரெதிராக இணைத்தால் கம்பியின் ஒலி சேரும், கரண்ட் இரைச்சல் ஒன்றையொன்று அடித்து அடங்கிவிடும். அதுதான் ஹம்பக்கர். இன்றைக்கு மலிவான கிற்றாரிலும் அது இருக்கிறது. மருமகன் பார்த்த ஸ்குவையரில் மூன்றும் ஒற்றைச் சுருள். பசிஃபிகா 112 இல் கம்பிகள் உடம்பில் முடியும் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றை. திருவிழா மேடைக்கு யமஹா ஒரு படி மேலே நின்றது இதனால்தான். (ஏர்த் இல்லாத பிளக்கில் அம்ப்பைச் செருகி, கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டுக் கரண்ட் அடித்தவனுக்கு எல்லாக் கிற்றாரும் ஒன்றுதான். அதை அவனுக்குத் தனியாகச் சொன்னேன்.)

ஸ்குவையரைப் பற்றி அவனுக்கு ஒரு மனக்குறை இருந்தது: "அது ஒரிஜினல் ஃபெண்டர் இல்லையே மாமா." ஸ்குவையர் என்பது கம்பி செய்த பழைய கம்பனி. ஃபெண்டர் அதை 1965 இல் வாங்கியது. எழுபதுகளில் ஜப்பான்காரர் செய்த நகல்கள் அசலோடு மல்லுக்கட்டத் தொடங்கின. ஐபனெஸ் என்ற ஜப்பான் கிற்றாரின் தலை வடிவத்துக்காக கிப்சனின் தாய்க் கம்பனி 1977 இல் வழக்கே போட்டது. ஃபெண்டர் வேறு வழி பார்த்தது: ஜப்பானிலேயே கிற்றார் செய்வித்து, 1982 இல் ஸ்குவையர் என்ற பெயரை அதன் தலையில் ஒட்டியது. அந்தக் காலத்து ஸ்குவையர்களை இப்போது ஆட்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். இன்னொரு பக்கம், கோர்ட் என்ற கொரியக் கம்பனி இந்தோனேசியாவில் தன் பெயரிலும் கிற்றார் செய்கிறது, ஐபனெஸுக்கும் பி.ஆர்.எஸ் என்ற அமெரிக்கக் கம்பனியின் மலிவு வரிசைக்கும் செய்து கொடுக்கிறது. செய்வது ஒரே கம்பனி, மூன்று பெயர், மூன்று விலை.

அப்படியானால் பெயரில் ஒன்றுமில்லையா? கொழும்பில் கடையில் நின்று ஐந்தை எடுத்து வாசித்துப் பார்க்கக் கூடியவனுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கம்பி உயரம், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டியான ஃபிரெட்டின் முனை, ரியூனிங் நிற்கிறதா என்று பத்து நிமிடத்தில் கையே சொல்லிவிடும். எங்களுக்கு அந்தக் கடை 300 கிலோமீற்றருக்கு அப்பால். தொண்ணூறுகளில் கரண்டே இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. எலெக்ட்ரிக் கிற்றார் சுவர் நிறையத் தொங்கும் கடையை இங்கே இன்னும் காணவில்லை. படம் பார்த்து வாங்குகிறவனுக்குப் பெயர்தான் கை. யமஹா என்று எழுதியிருந்தால், நூறில் ஒன்று கோணலாக வரும் வாய்ப்புக் குறைவு என்று நம்பலாம். அந்த நம்பிக்கைக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுப்பது மடத்தனம் இல்லை.

ஹார்லி பென்டனை நான் தள்ளியதும் இதனால்தான். தோமான் என்ற ஜெர்மன் கடையின் சொந்தப் பெயர் அது. விலைக்கு நல்ல சாமான், அங்கே இருப்பவன் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். பெரியப்பாவின் சூட்கேஸில் கட்டுநாயக்கா வந்து இறங்கியதை யார் திருப்பி அனுப்புவது? கழுத்து வளைந்திருந்தால் வளைந்ததுதான்.

மரம் காலநிலைக்கு ஆடும். என் பழைய கிற்றாரில் மாரியில் கம்பி மேலே எழும்பிவிடும், வறண்ட சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஃபிரெட் முனைகள் உள்ளங்கையைப் பிறாண்டும். நல்லாகக் காயாத மரத்தில் செய்தது. முல்லைத்தீவுப் பக்கம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பது இன்னொரு செலவு. ஆகவே கையில் இருப்பதை முழுக்கக் கிற்றாரில் கொட்டாமல், பத்துப் பதினையாயிரத்தைக் கம்பிக்கும், கழுத்தையும் கம்பி உயரத்தையும் சரிசெய்யும் செற்றப்புக்கும் ஒதுக்கச் சொன்னேன். செற்றப் செய்யாத நல்ல பெயரை விட, செற்றப் செய்த பெயர் தெரியாத கிற்றார் விரலுக்குச் சுகம்.

கடைசியில் வவுனியாவில் இசைக்குழு வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்கு இருவரும் போனோம். அங்கே ஒரு பசிஃபிகா, ஒரு ஸ்குவையர், பெயரே இல்லாத சீனத்து ஒன்று. மருமகனைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரே அம்ப்பில் ஒரே பாட்டை மூன்றிலும் வாசித்தேன். முதல் தடவை சீனத்ததைப் பிடித்தது என்றான். வரிசையை மாற்றி வாசித்தேன், ஸ்குவையர் என்றான். மூன்றாம் தடவை மறுபடி சீனத்தது. பசிஃபிகாவை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நண்பன் பசிஃபிகாவையும் சீனத்ததையும் விற்கத் தயாராக இருந்தான். சீனத்ததற்குப் பாதி விலை. பெடியன் இரண்டையும் மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவினான், பிறகு பசிஃபிகாவுக்குக் காசை எண்ணிக் கொடுத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏன் என்று கேட்டேன்.

"நாளைக்குக் கனடா கினடா சரிவந்தால் இதை விற்கலாம்தானே மாமா. பெயர் இல்லாததை ஆர் வாங்குவான்?"